வீடியோல தமிழ் எழுத்து பளிச்சுன்னு வரணுமா? நாலு வழி இருக்கு, எதை எப்ப எடுக்கணும்

கோலாலம்பூர்ல கல்யாண வீடியோ பண்றவங்க, பினாங்குல கோயில் விழா எடுக்கிறவங்க, தமிழ்ப்பள்ளி பரிசளிப்பு விழா வீடியோ பொறுப்பு தலைல விழுந்த டீச்சருங்க, எல்லார்கிட்ட இருந்தும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, எடிட் பண்றப்ப எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு, வெளிய எடுத்தா மங்கலா இருக்கு, எந்த சாஃப்ட்வேருக்கு மாறணும்?"

முக்கால்வாசி நேரம் சாஃப்ட்வேர் மாத்தவே வேணாம். எழுத்து எந்த வழியா திரைக்குப் போகுதுன்னுதான் பாக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள கோடும் வளைவுமா இருக்கிற வரைக்கும் எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் கூர்மையாவே இருக்கும், ஆனா அது ஒரு தடவ பிக்சலா, அதாவது திரையோட குட்டிக் குட்டிப் புள்ளியா, மாறிட்டா அதுக்கப்புறம் பெருசு பண்ண பண்ண, சின்னது பண்ண பண்ண ஓரம் கரைஞ்சுகிட்டே போகும். அதனால ஒரே ஒரு தடவதான் பிக்சலா மாறணும், அதுவும் கடைசியா எந்த சைஸ்ல ஓடப்போகுதோ அந்த சைஸ்ல மாறணும். கீழ நான் சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வச்சுத்தான்.

வழியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. எடிட்டர்ல ப்ளேபேக் ரெசல்யூஷன் பாதியிலயோ கால்வாசியிலயோ இருந்தா ப்ரிவியூல எழுத்து மங்கலாத்தான் தெரியும், அது எழுத்தோட குத்தம் இல்ல. ஃபுல்லுக்கு மாத்தி, ஜூமை 100 சதவீதத்துல வச்சு, நிறுத்தின ஃப்ரேம்ல பாருங்க. அங்க நல்லா இருந்து வெளிய எடுத்த ஃபைல்ல மட்டும் கெட்டா எக்ஸ்போர்ட் பிரச்சனை, அங்கயே மங்கலா இருந்தா எழுத்து வந்த வழி பிரச்சனை.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல் விஷயம், தமிழ் எழுத்து உடையாம வருதா. இங்கிலீஷ்ல வீடியோ பண்றவங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, நமக்கு இதுதான் முதல். கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்கணும், ஆனா டைப் ஆகிற வரிசைல அது எழுத்துக்குப் பின்னாடிதான் வருது, அதை முன்னாடி கொண்டு வந்து வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. அந்த வேலையைத் தெரியாத சாஃப்ட்வேர்ல "கொலு"ன்னு அடிச்சா கொம்பும் காலும் ரெண்டுமே க-வுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும்.

ரெண்டாவது, பிக்சலா மாறுறது எத்தனை தடவ. மூணாவது, கடைசி நேரத் திருத்தம் எவ்வளவு சுலபம், ஏன்னா நம்ம ஊர்ல நிகழ்ச்சிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்குத்தான் "பேர்ல டத்தோ பட்டம் விட்டுப்போச்சு"ன்னு மெசேஜ் வரும். நாலாவது, எழுத்து அசையணுமா சும்மா நின்னா போதுமா. அஞ்சாவது, எங்க ஓடப்போகுது, யூடியூப்பா, வாட்ஸாப்பா, மண்டபத்து எல்இடி திரையா. காசும் நேரமும் ஆறாவது, ஆனா மத்த அஞ்சுக்கும் பதில் தெரிஞ்சா அது தானா தெளிவாயிடும்.

## வழி ஒண்ணு: எடிட்டர்ல இருக்கிற டைட்டிலே போதும்னு வைக்கிறது

பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், கேப்கட், எதுவா இருந்தாலும் உள்ளயே டெக்ஸ்ட் கருவி இருக்கு. எழுத்து கடைசி வரைக்கும் எழுத்தாவே இருக்கும், எக்ஸ்போர்ட் ஆகறப்பதான் பிக்சலா மாறும், அதனால கூர்மைல இது சோடை போகாது. பேர் மாத்தணும்னா க்ளிக் பண்ணி மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம்.

ஆனா எல்லாரும் தடுக்கி விழற ஒரு இடம் இருக்கு. பிரீமியர்ல எழுத்தைப் பெருசாக்க ரெண்டு வழி இருக்கு, "மோஷன்"ல ஸ்கேல் ஏத்துறது ஒண்ணு, "வெக்டர் மோஷன்"ல ஏத்துறது இன்னொண்ணு. முதல்ல சொன்னது பிக்சலா மாறின எழுத்தை இழுக்குது, ரெண்டாவது எழுத்தை எழுத்தாவே வளக்குது. 250 சதவீதம் ஏத்தினீங்கன்னா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அதை விட நல்லது, ஃபாண்ட் சைஸையே ஏத்திடுறது. அதே மாதிரி 1080பி டைம்லைன்ல வேலையை முடிச்சு வெளிய எடுத்துட்டு, அப்புறம் அந்த ஃபைலை 4கே டைம்லைன்ல போட்டு இழுத்தா படம்கூட தாங்கும், எழுத்து தாங்காது.

தமிழ் உடையுதான்னு பாக்க ஒரு வரி வச்சுக்கோங்க: "டத்தோ ஸ்ரீ, கௌரி, கொலு, பூஜை, தெய்வானை". இதை அடிச்சுப் பாத்து எல்லாம் ஒழுங்கா வந்தா அந்த சாஃப்ட்வேரை நம்பலாம். பிரீமியர்ல உடைஞ்சா ப்ரெஃபரன்ஸஸ்ல கிராஃபிக்ஸ் பக்கத்துல டெக்ஸ்ட் எஞ்சின்னு ஒண்ணு இருக்கும், அதை சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்னு மாத்திட்டு புதுசா ஒரு டைட்டில் போட்டுப் பாருங்க. ரிசால்வ்ல சாதா டெக்ஸ்ட், டெக்ஸ்ட் ப்ளஸ்னு ரெண்டு இருக்கு, ரெண்டுலயும் அதே வரியை அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் வேலைக்கு இறங்குங்க, வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுது.

இதுல "ஸ்ரீ" தனிக் கதை. நம்ம நாட்டுல எந்த நிகழ்ச்சில பேர்ப்பட்டை போட்டாலும் தான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ பட்டம் இல்லாம இருக்காது, கோயில் பேர்ல பாதி ஸ்ரீ-லதான் ஆரம்பிக்குது. யூனிகோட்ல இதை ரெண்டு விதமா எழுதலாம், வழக்கமான ஸ வச்சு ஒண்ணு, 2005ல சேத்த ஶ வச்சு ஒண்ணு. திரைல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா சில ஃபாண்ட்டுக்கு ஒண்ணுதான் தெரியும், இன்னொண்ணைக் கொடுத்தா தனித்தனியா பிரிச்சுக் காட்டும். பேர் பட்டியலை வாட்ஸாப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறப்ப ஒருத்தர் பேர்ல ஸ்ரீ சரியா இருந்து இன்னொருத்தர் பேர்ல உடைஞ்சா சாஃப்ட்வேரைத் திட்டாம அந்த எழுத்தை மட்டும் கையால மறுபடி அடிங்க.

பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சா எந்த சாஃப்ட்வேர்லயும் உடையாதேன்னு கேப்பீங்க. உண்மைதான், ஏன்னா அது இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்சது, கொம்பையும் நாமளே முன்னாடி அடிக்கிறோம். ஆனா அந்த ஃபாண்ட் இல்லாத இன்னொரு மெஷின்ல ப்ராஜெக்ட்டைத் திறந்தா ஒண்ணும் புரியாத இங்கிலீஷ் எழுத்தா நிக்கும், வாட்ஸாப்ல வந்த பேரை அப்படியே ஒட்டவும் முடியாது, ஒரே வரில மலாய் வார்த்தை வந்தா அதுக்கு மட்டும் ஃபாண்ட் மாத்தணும். வேற வழியே இல்லாதப்ப வச்சுக்கலாம், பழக்கமாக்கிக்க வேணாம்.

## வழி ரெண்டு: வெளிய செஞ்சு பிஎன்ஜியா கொண்டு வர்றது

ஃபோட்டோஷாப், கேன்வா, இங்க்ஸ்கேப்ல எழுத்தைச் செஞ்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்து வீடியோ மேல வைக்கிறது. இங்க்ஸ்கேப் இலவசம், தமிழும் ஒழுங்கா வரும். கேன்வால பின்னணி இல்லாம எடுக்க காசு கட்டுற ப்ளான் வேணும், நிறைய பேர் டிசைனை முடிச்ச பிறகுதான் இதைக் கவனிக்கிறாங்க. ஃபோட்டோஷாப்ல தமிழ் உடைஞ்சா பாராகிராஃப் பேனல்ல வேர்ல்ட் ரெடி கம்போஸர் போடணும்.

அலங்காரமா, நிழல், தங்க நிறம், பட்டு ஜரிகை மாதிரி ஓரம்னு தலைப்பு வேணும்னா இதை விட நல்ல வழி இல்ல. ஆனா இங்க எழுத்து முன்னாடியே பிக்சலா மாறிடுது, அதனால சைஸ்ல கண்டிப்பா இருக்கணும். டைம்லைன் 1920க்கு 1080னா பிஎன்ஜியும் அதே சைஸ்ல முழு ஃப்ரேமா, எழுத்து இருக்க வேண்டிய எடத்துலயே இருக்கிற மாதிரி செஞ்சு, 100 சதவீதத்துல அப்படியே போடுங்க. மெதுவா ஜூம் ஆகணும்னா மட்டும் ரெண்டு மடங்கு பெருசா செஞ்சு, 50 சதவீதத்துல ஆரம்பிச்சு 100ஐத் தாண்டாம நிறுத்துங்க.

ஏன் முழு ஃப்ரேம்னு கேட்டா, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தீங்கன்னு வைங்க, அந்தப் படத்தோட அகலம் 801 பிக்சல்னு வந்துருச்சு. எடிட்டர் அதை நடுப்புள்ளியை வச்சுத்தான் நிறுத்தும், நடுப்புள்ளி 400.5ல விழும், மொத்த எழுத்தும் அரை பிக்சல் தள்ளி நிக்கும், ஒவ்வொரு நேர்க்கோடும் பக்கத்து பிக்சலோட கலந்து மங்கிடும். எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏன் லேசா பனி படிஞ்ச மாதிரி இருக்குன்னு மண்டைய உடைச்சுக்கிற கேஸ்ல பாதி இதுதான். பொசிஷன்லயோ ஆங்கர் பாயிண்ட்லயோ (அதுதான் நடுப்புள்ளி) ஒண்ணுல மட்டும் .5ன்னு இருக்கான்னு பாருங்க.

வெள்ளை எழுத்தைச் சுத்தி கருப்பா ஒரு மெல்லிய கோடு தெரிஞ்சா அது பிக்சல் பிரச்சனை இல்ல, ஆல்ஃபாவை, அதாவது படத்துல எங்க பின்னணி தெரியணும்னு சொல்ற தகவலை, எடிட்டர் தப்பாப் படிக்குது. ஃபைலை இன்டர்ப்ரெட் பண்ற எடத்துல ஸ்ட்ரெய்ட், ப்ரீமல்டிப்ளைடு ரெண்டையும் மாத்திப் பாத்தா போயிடும்.

மறைஞ்சிருக்கிற செலவு திருத்தம்தான். 60 பிள்ளைங்க பேர் இருக்கிற பரிசளிப்பு விழாவுக்கு 60 பிஎன்ஜி, அதுல நாலு பேருக்கு எழுத்துப்பிழைன்னா மறுபடி திறந்து, திருத்தி, எடுத்து, மாத்தணும். ஃபோட்டோஷாப்ல வேரியபிள்ஸ்னு ஒரு வசதி இருக்கு, பேர் பட்டியலை சிஎஸ்வி ஃபைலா கொடுத்தா ஒரே டிசைன்ல எல்லாப் பேரையும் அதுவே எடுத்துத் தரும், பள்ளிக்கூட வேலை அடிக்கடி பண்றவங்க இதை ஒரு சனிக்கிழமை உக்காந்து கத்துக்கிட்டா அப்புறம் வருஷா வருஷம் நிம்மதி.

## வழி மூணு: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்

எழுத்து எழுந்து வரணும், ஒவ்வொரு சொல்லா விரியணும், தலைப்பு வேலோட சேந்து மினுங்கணும்னா அசையற கிராஃபிக்ஸ் செய்ற இந்த அடோபி சாஃப்ட்வேருக்குத்தான் வரணும். டெக்ஸ்ட் லேயர் வெக்டராவே இருக்கும், எவ்வளவு பெருசாக்கினாலும் கூர்மைதான். இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலைக் கொண்டு வந்தா கன்டினியுவஸ்லி ராஸ்டரைஸ் ஸ்விட்சைப் போட மறக்காதீங்க, அது சின்ன சூரியன் மாதிரி ஒரு படம். ப்ரீகாம்ப் (பல லேயரை ஒண்ணா கட்டி வச்சது) மேலயும் அதே ஸ்விட்ச்தான், உள்ள இருக்கிற எழுத்தைப் பெருசாக்கறப்ப மங்கினா முதல்ல அதைத்தான் பாக்கணும். அதே இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலை நேரா பிரீமியர்ல போட்டா உள்ள வர்றப்பவே பிக்சலா மாறிடும், வெக்டர்னு நம்பி இழுக்காதீங்க.

செலவுன்னு பாத்தா சந்தா, ஓரளவுக்கு பலமான மெஷின், கத்துக்கிற காலம், ரெண்டர் நேரம். பின்னணி இல்லாம வெளிய எடுக்க ப்ரோரெஸ் 4444ல எடுக்கணும், ஃபைல் தாறுமாறா பெருசா வரும். டெம்ப்ளேட்டா செஞ்சு பிரீமியர்ல பேரை மட்டும் மாத்திக்கிற மாதிரி வச்சா திருத்தம் சுலபமாயிடும், ஆனா அந்த ஃபாண்ட் ரெண்டு மெஷின்லயும் இருக்கணும். வருஷத்துல ரெண்டு கல்யாண வீடியோ பண்றவங்களுக்கு இது தேவையே இல்லன்னுதான் சொல்வேன், வாராவாரம் ஒரே தோற்றத்துல நிகழ்ச்சி போடற சேனலுக்கு கண்டிப்பா வேணும்.

## வழி நாலு: சப்டைட்டில் ஃபைல்

இதை யாரும் கணக்குலயே எடுக்கிறது இல்ல. வசனமும் அது வர்ற நேரமும் மட்டும் இருக்கிற எஸ்ஆர்டி ஃபைலை யூடியூப்ல தனியா ஏத்திட்டா எழுத்து வீடியோக்குள்ளயே போகறது இல்ல, பாக்கிறவங்க போன்ல அந்த நேரத்துலதான் வரையப்படுது. வீடியோவை 360பில பாத்தாக்கூட எழுத்து கூர்மையா இருக்கும், மத்த மூணு வழியாலயும் இது முடியாது. பேட்டி, சொற்பொழிவு, தமிழ்ப் பேச்சுக்கு மலாய் சப்டைட்டில் மாதிரி நீளமான வேலைக்கு இதுதான் சரி, திருத்தணும்னா வீடியோவை மறுபடி ஏத்தவே வேணாம்.

ஆனா ஃபாண்ட், நிறம், இடம் எதுவும் உங்க கைல இருக்காது, பாக்கிறவங்க ஆஃப் பண்ணியும் வைக்கலாம். வாட்ஸாப்ல அனுப்பினா கூடவே போகாது.

படத்துலயே பதிஞ்சு வேணும்னா ஏஜிசப்ங்கிற சப்டைட்டில் சாஃப்ட்வேர்ல ஏஎஸ்எஸ் ஃபைலா (ஃபாண்ட், நிறம், இடம் எல்லாம் சேந்த சப்டைட்டில் ஃபைல்) செஞ்சு, எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ மாத்துற கருவி வழியா எரிச்சுடலாம், ரெண்டும் இலவசம். அதுக்குள்ள வேலை செய்ற லிப்ஏஎஸ்எஸ், எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ்ங்கிற எஞ்சினைப் பயன்படுத்துது, அதனால தமிழ் உடையாது. ஒரே ஒரு கவனம், எரிக்கிறப்ப வீடியோ மறுபடி ஒரு தடவ கம்ப்ரஸ் ஆகும், அதனால எடிட்டர்ல இருந்து நல்ல பிட்ரேட்ல எடுத்த ஃபைல்ல இதைச் செய்யுங்க, வாட்ஸாப்ல வந்த ஃபைல்ல செய்யாதீங்க.

## எந்த வழில போனாலும் எழுத்தைக் கெடுக்கிறது

நிறம்தான் முதல் எதிரி. நாம அனுப்பற எச்.264 (வீடியோவைச் சுருக்கற ஒரு முறை) வீடியோ பெரும்பாலும் 4:2:0 முறைல இருக்கும், அதாவது வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியா பதியும், நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணுதான். கருநீலப் பின்னணில சிவப்பு எழுத்து போட்டா ரெண்டோட வெளிச்சத்துலயும் பெரிய வித்தியாசம் இல்ல, எழுத்தோட உருவத்தை நிறம்தான் தாங்கணும், நிறம் கால்வாசிதான் இருக்கு, அதனால ஓரம் வழிஞ்சு போயிடும். சிவப்புல மஞ்சள் எழுத்து நம்ம கோயில் பேனர் முழுக்க இருக்கே, அது தப்பிச்சுக்கும், ஏன்னா மஞ்சள் ரொம்ப வெளிச்சமானது. சந்தேகம்னா சாச்சுரேஷனை (நிறத்தோட அடர்த்தியை) பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்க, கருப்பு வெள்ளைல படிக்க முடிஞ்சா நிறத்துலயும் நிக்கும்.

அடுத்து எழுத்தோட தடிமன். மெல்லிசா போட்டா கம்ப்ரஷன் தின்னுடும், ரொம்ப தடிமனா போட்டா சுழிக்குள்ள இருக்கிற ஓட்டை அடைஞ்சு மூணு சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும் ஒண்ணாயிடும், கல்யாண வீடியோல மாப்பிள்ளை கண்ணன், கன்னன் ஆயிடுவாரு. மீடியம், செமிபோல்டு இந்த ரெண்டுதான் எனக்குப் பிடிச்சது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூணுமே இலவசம், தடிமன் நிறைய இருக்கு. மேக்ல வேலை செய்றவங்களுக்கு நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ரெண்டும் மெஷின்லயே இருக்கு, வெளிய தேட வேணாம். மலாய், இங்கிலீஷ் வரியோட சேத்து போடறப்ப தமிழைக் கொஞ்சம் பெருசா வைங்க, ஒரே சைஸ் நம்பர் கொடுத்தா தமிழ் சிறுசா, நெருக்கமாத் தெரியும்.

பேர் கீழ இருந்து மேல ஓடற நன்றிப் பட்டியல்ல வேகம் முழு எண்ணா இருக்கணும், ஃப்ரேமுக்கு 2 பிக்சல், 3 பிக்சல்னு. 25 ஃப்ரேம் வீடியோல 2 பிக்சல் வச்சா 1080 உயரத்தை ஒரு பேர் கடக்க 21.6 விநாடி, 3 வச்சா 14.4. நடுவுல 2.4ன்னு வந்தா எழுத்து நடுங்கிக்கிட்டே போகும்.

எக்ஸ்போர்ட்ல யூடியூப்பே சொல்ற அளவு 1080பிக்கு 30 ஃப்ரேம் வரைக்கும் 8 எம்பிபிஎஸ், 4கேக்கு 35ல இருந்து 45. எழுத்து நிறைய இருக்கிற வீடியோன்னா டைம்லைனையே 1440பியோ 4கேவோ வச்சு ஏத்துங்க, 1080பில பாக்கிறவங்களுக்கும் பொதுவா எழுத்து தெளிவாவே வருது. வாட்ஸாப்ல சாதா வீடியோவா அனுப்பினா அது தன் இஷ்டத்துக்கு நசுக்கிடும், டாக்குமெண்டா அனுப்பினா ஃபைல் அப்படியே போகும்.

## அப்ப யாருக்கு எது

கல்யாணம், பிறந்தநாள், சின்ன நிகழ்ச்சி: பேர்ப்பட்டைக்கு எடிட்டர் டைட்டில், முகப்புக்கு மட்டும் ஒரு பிஎன்ஜி. ரெண்டும் சேத்து வைக்கிறது தப்பே இல்ல.

பேட்டி, சொற்பொழிவு, பாடம்: சப்டைட்டில் ஃபைல். டிக்டாக்குக்கும் ரீல்ஸுக்கும் அதையே வெட்டிப் போடறதா இருந்தா அதுக்கு மட்டும் எரிச்சுக்கோங்க, 1080க்கு 1920 திரைல கீழ்ப்பகுதியை ஆப்போட பட்டனும் தலைப்பும் மூடிடும், எழுத்தை நடுவுக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்துங்க.

போன்ல கேப்கட்ல மட்டுமே வேலை செய்றவங்க: உள்ள இருக்கிற அலங்கார ஃபாண்ட்ல நிறையவற்றுக்கு தமிழே கிடையாது, பெட்டி பெட்டியா வரும், இல்லன்னா வேற ஃபாண்ட்டுக்கு அதுவா மாறிடும். தமிழ் ஃபாண்ட்டை நீங்களே உள்ள ஏத்திக்கிட்டு அந்த டெஸ்ட் வரியை அடிச்சுப் பாருங்க. உடைஞ்சா பிஎன்ஜிதான்.

மண்டபத்து எல்இடி திரை, தைப்பூசத்துக்கு பத்துமலையிலயோ தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர் பந்தல்லயோ வைக்கிற திரை: இங்கதான் எல்லாக் கணக்கும் மாறுது. திரை பெருசா இருக்கு, அதனால சின்ன எழுத்தும் தெரியும்னு நினைக்கிறாங்க, உண்மை அதுக்கு நேர் எதிர். வாடகைக்கு வர்ற பி3.91 பேனல் (புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர்) ஒண்ணு அரை மீட்டர் சதுரம், அதுல 128க்கு 128 புள்ளிதான். 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம்னா எட்டுக்கு அஞ்சு பேனல், மொத்தமே 1024க்கு 640 புள்ளி. நீங்க 1920க்கு 1080ல கொடுத்த வீடியோ கிட்டத்தட்ட பாதிக்குச் சுருங்குது, 60 பிக்சல் உயரத்துல செஞ்ச எழுத்து 32 புள்ளிக்கு வந்துடும், 2 பிக்சல் மெல்லிசுக் கோடு ஒரு புள்ளியா நின்னு மினுக்கும். அதுக்கு மேல, இந்தத் திரையோட வடிவமும் 16:9 இல்ல, 16:10, ஆபரேட்டர் இழுத்து நிரப்பினா எழுத்து நெட்டையாயிடும்.

அதனால எல்இடிக்கு வாடகைக்காரங்ககிட்ட முதல்ல கேக்க வேண்டியது "எத்தனை அடி திரை"ன்னு இல்ல, "குறுக்க எத்தனை பிக்சல், நெடுக்க எத்தனை பிக்சல்"னு. அந்த சைஸ்லயே ஒரு தனி டைம்லைன் போட்டு, தலைப்பை பிஎன்ஜியா அதே சைஸ்ல செஞ்சு, பேரை எடிட்டர் டைட்டில்ல வைங்க, ஏன்னா விருந்தினர் பேர் கடைசி நிமிஷம் வரைக்கும் மாறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ரெண்டர் பண்ணி எடுத்துட்டுப் போனீங்கன்னா மண்டபத்துல நின்னுகிட்டு திருத்த முடியாது. முடிஞ்சா விழாவுக்கு முந்தின நாள் திரை கட்டினதும் ஒரு ஃபைலை ஓட்டி, கடைசி வரிசை நாற்காலில இருந்து ண-வும் ன-வும் பிரிஞ்சு தெரியுதான்னு பாத்துடுங்க, தெரியலன்னா சைஸை ஏத்திட்டு வரியை ரெண்டா மடிச்சுப் போடுங்க.